பெஞ்சு சுமந்துவிட்டு ஓடியவர்கள்

எனக்கு மூச்சு பற்றாது என்று ஒருவர் சொன்னார். எனக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். "இந்த ஆளுக எல்லாருமே இப்படித்தான் சார். நாள் முச்சூடும் மண்ணு வெட்டச் சொன்னா வெட்டுவான். ஓடச் சொன்னா படுத்துருவான்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்தத் தலையாட்டல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இலஞ்சிக்காரர்கள். அப்பா பண்ணையார் வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுகிறவர். எங்கள் வீட்டில் கட்டைவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். தினமும் தென்காசிக்கு நடந்து போய்ப் படித்து, ஹைஸ்கூல் படிப்பைப் பாஸும் செய்துவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பண்ணையாருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் வண்டியை நிறுத்தி அப்பாவிடம், "மகன் படிச்சு முடிச்சாச்சுல்லா? பிசான உழவுக்குள்ள எங்கயாச்சும் வேலை கிடைச்சாப் போகட்டும். இல்லேன்னா ஏரைப் பிடிக்கச் சொல்லு. எனக்கு ஆள் பத்தலை" என்றார். அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு என்ன சொல்வார்? நிலம் அவருடையது.

ஆக, பிசான உழவு தொடங்குகிற புரட்டாசி பிறப்பதற்குள் எனக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான் கதை.

அந்த ஆனியில் குற்றாலத்து மலைக்காட்டில் மரம் எடுக்கிற ஒரு கம்பெனி, காவலுக்கு நாலு கார்டுகளை எடுக்கப்போவதாகச் சேதி வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஓட வேண்டும். காட்டுக்குள் எங்காவது தீயோ திருட்டோ என்றால் கீழே ஓடி வந்து சொல்ல ஆள் வேண்டுமே. குற்றாலத்தில் கிளம்பி, தென்காசிச் சிற்றாற்றுப் பாலத்தைத் தொட்டுவிட்டு, மறுபடியும் குற்றாலத்துக்கு. முதலில் வருகிற நாலு பேருக்கு வேலை. காக்கிச் சட்டை, மாதச் சம்பளம், மலையடியில் ஒரு குடிசை.

என் அத்தை மகனும் மனுப் போட்டான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் தப்பில்லாமல் எழுதுவான். ஓட்டத்தில் என்னைவிடக் கெட்டி. இரண்டு பேரும் தினமும் காலையில் வாய்க்கால் கரையில் ஓடிப் பழகினோம். ரயில் கேட் வரை போய்த் திரும்புவது. எப்போதும் அவன்தான் முன்னால் வருவான். கிளம்புவதற்கு முன் அவன் அடித்துவைத்த கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பான். "எந்திரிச்சு நடந்தாத் தெம்பு போயிரும்லே. இருக்கிறதை முன்னாலயே எதுக்கு அழிக்கணும்?" என்பான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒருநாள் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டது. அதை விரட்டிப் பிடித்துக் கட்டிவிட்டு, மெல்ல மூச்சுவாங்கிக்கொண்டே வாய்க்கால் கரைக்குப் போனேன். மச்சான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு வெகு பின்னால்தான் வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் ஆரம்பத்தில் எப்போதும் வருகிற அந்தத் திணறல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குமே, அது வரவில்லை. கால் முதலிலிருந்தே என் சொல்பேச்சுக் கேட்டது. கேட்டைத் தாண்டித் திரும்பும்போது அவன் என் பின்னால் இருந்தான்.

"ஏலே, கன்னுக்குட்டியை வெரட்டிட்டு வந்தவன் என்னை எப்படிலே முந்துனே?"

"அதான் எனக்கும் தெரியலை மச்சான்."

"நாளைக்கி அந்தக் கன்னை என் பக்கம் அவுத்து விடு."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மறுநாள் நான் உட்கார்ந்திருக்க, அவன் தோப்பை ஒரு சுற்று மெல்ல ஓடிவிட்டு வந்தான். அன்றைக்கு அவனை நான் கண்ணாலும் பார்க்க முடியவில்லை. பிறகு மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். முன்கூட்டியே உடம்பை லேசாகச் சூடாக்கிக்கொண்டவனுக்கு ஓட்டம் சுகமாக வந்தது. ஒருநாள் இரண்டு பேரும் நாற்றுக்கட்டு சுமந்துவிட்டு வந்து ஓடினோம். பாதி வழியில் கால் இரண்டும் ஈரமண் மாதிரி கனத்துவிட்டது. இன்னொரு நாள் நான் நன்றாகச் சூடாக்கிக்கொண்டு நிற்கிற நேரம், அத்தை கூப்பிட்டாள் என்று அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வருவதற்குள் எனக்கு வேர்வை காய்ந்து உடம்பு ஆறிப்போயிற்று. அன்றைக்குப் பழைய திணறல் அப்படியே திரும்பி வந்தது.

"நெலத்துக்குப் பதம் பாக்கோம்லா, அது மாதிரிதான்" என்றான் மச்சான். "காஞ்சு கெடந்தாலும் ஏர் எறங்காது. தண்ணி ஜாஸ்தியானாலும் மாடு பொதையும். பதத்துல கட்டிரணும்."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ படித்தேன், இதை யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் சூடாக்கு, களைக்கும்வரை போகாதே, ஆறுவதற்குள் கிளம்பிவிடு. இரண்டு பேரும் மெத்தச் சந்தோஷமாக இருந்தோம். மற்றவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும் என்கிற சந்தோஷம்.

சோதனை நாளன்று விடியும் முன்பே இலஞ்சியிலிருந்து நடந்தோம். நடந்து போய்ச் சேர்ந்து, கொஞ்சம் உட்கார்ந்து, கூப்பிடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஓட்டம் ஓடிவிட்டு நிற்பது என்று திட்டம். நல்ல சாரல். மலை தெரியவில்லை. கம்பெனி மானேஜர் சீசனுக்குத் தங்கியிருந்த பங்களாவின் முன்னால் எங்களை மாதிரி நடந்து வந்தவர்கள் ஒரு பத்துப் பேர் நின்றோம். தனியாக நாலைந்து பேர் பங்களா வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் மரம் எடுக்கிற காண்டிராக்டர் ஒருவரின் மகனும் அவனுடைய சிநேகிதர்களும். முந்தின நாளே காரில் வந்து இறங்கிவிட்டார்கள். மரத்துக்குக் காவலும் தன் ஆட்களாகவே இருக்கட்டும் என்று காண்டிராக்டர் நினைத்திருப்பார்.

மானேஜர் இல்லை. அருவிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்த மனிதர் எப்போது எழுந்திருப்பார் என்று யார் சொல்ல முடியும்? எல்லாப் பொறுப்பும் ஹெட் கிளார்க் கையில் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"ஏலே, சும்மா நிக்கிற எல்லாரும் இங்கன வாங்க. அந்தச் சத்திரத்துல பெஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் தூக்கியாந்து இங்கன போடுங்க. பெரிய மனுஷங்க வருதாங்க."

சத்திரம் கீழே, அருவிக்குப் போகிற பாதைப் பக்கம். பங்களா மேட்டில். பெஞ்சுகள் தேக்கு. நான் முன்னால் போய், "ஐயா, ஓட்டம் முடிஞ்சதும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருதோம். இப்பத் தூக்குனா ஓட முடியாது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் முடியாது? ஒடம்பு சூடானாத்தானலே ஓட்டம் வரும். சூடாகட்டும், தூக்கு."

மச்சான் என் காதருகே, "மாப்ளே, நீ கண்டுபிடிச்சதை அவரும் கண்டுபிடிச்சிருக்காரு" என்றான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

பெஞ்சு முடிந்தது. பந்தலுக்குக் கம்பு. கம்பு முடிந்தது. தண்ணீர்ப் பீப்பாய். சாரலில் நனைந்த மேட்டில் பீப்பாயை உருட்டிக்கொண்டு ஏறினால் கெண்டைக்கால் என்ன பாடுபடும் என்று ஏறினவனுக்குத்தான் தெரியும். வராந்தாவில் இருந்தவர்களை அவர் கூப்பிடவில்லை. நடந்து வந்தவன் தூக்குகிறவன், காரில் வந்தவன் உட்காருகிறவன். அவர் மனதில் அது ஒரு அநியாயமாகவே தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது.

மானேஜர் கிளம்பிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் ஹெட் கிளார்க் எங்களை வரிசையாக நிறுத்தினார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னலே இது நாத்தம்? இந்த வேர்வையோடயா ஐயா முன்னால நிப்பிய? ஓடுங்க, ஓடுங்க. எல்லாரும் அருவில முங்கிட்டு வாங்க."

"ஐயா, இப்பத் தண்ணில நின்னா ஒடம்பு வெறைச்சுப் போகும்" என்றேன்.

"குத்தாலத்துக்கு வந்து குளிக்க மாட்டேங்கிற ஒரே ஆளு நீதான்லே!"

எல்லாரும் சிரித்தார்கள். எங்களோடு பெஞ்சு தூக்கினவர்களும் சிரித்தார்கள். எங்கிருந்தெல்லாமோ மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிற அருவி. அதில் நிற்க மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சீசன் தண்ணீர் தலையில் விழுந்தபோது, காலை முழுக்க உடம்பில் ஏறியிருந்த சூடு ஒரு நொடியில் வடிந்து போனதை நான் உணர்ந்தேன். சூடு போயிற்று. களைப்பு மட்டும் போகவில்லை. வாய்க்கால் கரையில் தனித்தனியாகப் பார்த்த இரண்டு கெடுதலையும் சேர்த்து ஒரே காலையில் எங்கள் தலையில் ஊற்றிவிட்டார்கள்.

ஈரத்துணியோடு மலைக்காற்றில் நின்றோம். மானேஜர் வந்தார், தலை துவட்டினார், பலகாரம் சாப்பிட்டார். அதன் பிறகு எங்களுக்குப் பின்னால் பங்களாப் பாதையில் காண்டிராக்டர் மகன் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெல்ல இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் செய்தது சரி. அந்தச் சரியைத்தான் நாங்களும் செய்ய வந்தோம்.

நானும் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்தேன்.

"ஏலே, என்ன கொரங்காட்டம் ஆடுதே? அசையாம நில்லு. ஐயா பாக்காங்கள்லா" என்றார் ஹெட் கிளார்க்.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் விசில் ஊதினார்கள். தென்காசி நோக்கிப் போகும்போது சாலை இறக்கம். அதனால் முதலில் எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடினோம். பாலத்தைத் தொட்டுத் திரும்பியதும் மச்சான், "ஆ" என்று ஒரு சத்தம் போட்டான். கெண்டைக்கால் சதை உருண்டு கட்டிக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டான். நான் நின்றேன்.

"நிக்காதலே மூதி, போ! நீயாவது போ!"

போனேன். ஏற்றம். நெஞ்சில் அந்தப் பழைய பாரம் கிளம்பினதிலிருந்து இறங்கவே இல்லை. எனக்கு முன்னால் கம்பளிச் சட்டைக்காரனும், அவன் கூட்டாளிகள் மூன்று பேரும். எல்லாரும் வராந்தாவில் காப்பி குடித்தவர்கள். நாலாவது ஆளின் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எட்டவே முடியவில்லை. ஐந்தாவதாக வந்தேன். பெஞ்சு சுமந்தவர்களில் முதல் ஆள் நான்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக, சிலர் நடந்தே, வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் ஹெட் கிளார்க் மானேஜரிடம் அந்த மூச்சு விஷயத்தைச் சொன்னார்.

நான் மானேஜர் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, பீப்பாய், அருவி, காற்று. வாய்க்கால் கரையில் பார்த்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"முடியாது என்று நீ சொல்லியிருக்கலாமே?" என்றார் தமிழில்.

"சொன்னேன் சார்."

"சொல்லலை சார்" என்றார் ஹெட் கிளார்க். "சந்தோஷமாத்தான் தூக்குனான். சிரிச்சுக்கிட்டே தூக்குனான்."

மச்சான் சொன்ன அந்த ஒரு கேலிக்கு நான் சிரித்த சிரிப்பு.

மானேஜர் யோசித்தார். "சரி, அநியாயம் என்று பேர் வேண்டாம். நாளை மறுநாள் காலையில் வா. நீ தனியாக ஓடு. நான் கடிகாரம் பார்க்கிறேன்."

"இவங்க எல்லாரும் சார்?"

"அவர்கள் யாரும் கேட்கவில்லையே."

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு சுமந்த மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இங்கிலீஷில் கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்திருந்த மச்சான் என் முழங்கையை இடித்தான். "சரின்னு சொல்லுலே. என் காலு இப்பிடி இருக்கு, நான் எங்க ஓட? நம்மள்ல ஒருத்தனாச்சும் போகட்டும்." சரி என்றேன்.

அந்த இடைப்பட்ட நாளில் அம்மா என்னை ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. வெந்நீர் போட்டுக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்.

குறித்த நாளன்று நான் நினைத்தபடியெல்லாம் செய்தேன். மெதுவாக நடந்து போனேன். உட்கார்ந்தேன். மானேஜர் காப்பி குடித்து முடிக்கிற நேரம் பார்த்து, பங்களாப் பாதையில் மெல்ல ஓடினேன். நெற்றியில் வேர்வை அரும்பியதும் நிறுத்தி, மூச்சு இறங்கவிட்டு, உலர்ந்த துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றேன். விசில் ஊதியதும் துண்டை எறிந்துவிட்டுக் கிளம்பினேன். மச்சான் சொன்ன பதம்! பாலத்தில் நின்ற கம்பெனி ஆள் நான் வந்ததைப் பார்த்துவிட்டு, பீடியைக் கீழே போட்டான். "அதுக்குள்ளயா வந்துட்டே?" என்றான்.

ஏற்றத்தில்கூட வாயை மூடிக்கொண்டு மூச்சுவிட முடிந்தது. திரும்பி வந்து நின்றபோது மானேஜர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட் கிளார்க்கிடம் காட்டினார். அன்றைக்கு முதலாவதாக வந்தவனைவிடச் சீக்கிரம். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதோ, கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதே ஆள், அதே சாலை, நடுவில் ஒரே ஒரு நாள். மாறினது கிளம்புவதற்கு முன்னால் நடந்தது மட்டும்தான். இனிமேல் இதை யார் மறுக்க முடியும்?

ஹெட் கிளார்க் மறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்தீங்களா சார். அப்ப இவன் அன்னைக்கு வேணும்னே மெதுவா ஓடிருக்கான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"இம்புட்டு வேகமா ஓடத் தெரிஞ்சவன், எல்லாரும் ஓடுன அன்னைக்கு ஏன் சார் பின்தங்கணும்? பெஞ்சு தூக்கச் சொன்னோம்ல, அந்தக் கோவம். இப்படிப்பட்டவனைக் காட்டுக்குள்ள விட்டா, ஒரு வேலை சொன்னா ஓடுவான், இன்னொரு வேலை சொன்னா படுத்துக்கிடுவான்."

மானேஜர் என்னைப் பார்த்தார். இப்போது அவர் முகம் மாறியிருந்தது. "அன்று நீ முழு மனதோடு ஓடவில்லை, அப்படித்தானே?"

"ஓடினேன் சார். முழு மனதோடுதான் ஓடினேன். உடம்புதான் இல்லை."

"இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

அதைத்தானே முந்தாநாள் அவ்வளவு நேரம் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். திறமை வேறு, நம்பிக்கை வேறு என்றார். கம்பெனிக்கு நம்பிக்கையான ஆள்தான் வேண்டும் என்றார். காண்டிராக்டர் மகனும் அவன் கூட்டாளிகளும் ஏற்கெனவே காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார்கள் என்றும் தெரிந்தது. அளவு கொடுத்தது ஓட்டத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன். ஹெட் கிளார்க் வெளியே போகிற பாதையைக் கையால் காட்டினார்.

மெதுவாக வந்தால் மூச்சு பற்றாதவன். வேகமாக வந்தால் ஏமாற்றுக்காரன். வேறு எப்படித்தான் ஓடுவது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். அவர்கள் கெடுத்த உடம்பை வைத்து எங்கள் கூட்டத்துக்கே ஒரு குணம் எழுதினார்கள். கெடுக்காத உடம்பைக் காட்டினால், அதை வைத்து எனக்கு இன்னொரு குணம் எழுதினார்கள். எழுதுகிற கை மட்டும் மாறவே இல்லை.

மச்சான் இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கில், மைல்கல்லில் உட்கார்ந்து காத்திருந்தான். காலில் வேப்பெண்ணெய் நாற்றம். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

"தோத்துட்டியா?"

"ஜெயிச்சுட்டேன். வேலை இல்லேன்னுட்டான்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே என் கூட நொண்டிக்கொண்டு வந்தான். பிறகு, மெதுவாக, "மாப்ளே, தப்பா நெனைக்காதே. நீ கொஞ்சம் பைய ஓடிருக்கலாமோ? அந்த நாலாமத்தவனைவிட ஒரு எட்டு முன்னால வந்தாப் போதுமே. அவங்களுக்கும் சந்தேகம் வந்திருக்காது" என்றான்.

என் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் அதுவரை யார்மேலும் கத்தாத நான் அவன்மேல் கத்தினேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"என்னால முடிஞ்ச அளவு நான் ஏன்லே ஓடக் கூடாது?"

அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. கேட்க வேண்டியவர்கள் மேட்டுப் பங்களாவில் இருந்தார்கள், அன்றைக்கும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். புரட்டாசியில் பண்ணையார் வயலில் நான் ஏரைப் பிடித்தேன்.